வல்லூறும் கரும்பறவையும் பின்னே ஒரு நாயும்

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2004ல தூம் படத்துல ஜான் ஆபிரகாம் ஓட்டின ஹயபுசாவைப் பாத்ததுலேர்ந்து நான் சுசூகி கட்சி. குர்காவ்ல எங்க மேல்வீட்டு சிங்ஜி கவாசாகி கட்சி. ஞாயித்துக்கிழமைன்னா மொட்டைமாடில டீயோட பட்டிமன்றம்தான். (நான் ஓட்டறது ஸ்ப்ளெண்டர்ங்கறது இங்க தேவையில்லாத விஷயம்.)

நம்ம கட்சி வாதம் ரொம்ப பலமானது மக்களே. 1996ல ஹோண்டாக்காரங்க சூப்பர் பிளாக்பேர்டுன்னு 1137 சிசில ஒரு வண்டி விட்டாங்க. உலகத்துலயே வேகமான வண்டி எங்களுதுன்னு அவங்க காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு இருந்தப்ப, 1999ல சுசூகி 1298 சிசில ஒண்ணை இறக்கி ஹயபுசான்னு பேர் வெச்சாங்க. ஜப்பான் மொழில அது ஒரு வல்லூறு. கரும்பறவையை அடிச்சுத் தின்னற வல்லூறு. பேர்லயே என்னா நக்கல் பாருங்க! மணிக்கு 310 கிலோமீட்டரையும் தாண்டிச்சு. அடுத்த வருஷமே கவாசாகி இசட்எக்ஸ்-12ஆரோட வந்தாங்க. இப்படியே போனா ஐரோப்பாவுல தடையே போட்டுருவாங்கன்னு பயந்து, 299க்கு மேல வேண்டாம்னு கம்பெனிங்க தங்களுக்குள்ள வாய்மொழியா முடிவு பண்ணிக்கிட்டாங்க.

"அப்ப ஜெயிச்சது யாரு பாயி சாப்?"ன்னு கேப்பார் சிங்ஜி. கேட்டதோட நிக்காம போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு இசட்எக்ஸ்-14ஆரே வாங்கிட்டார். 1441 சிசி. இப்ப வர்ற ஹயபுசாவே 1340தான். வாயடைச்சுப் போச்சு எனக்கு.

போன மாசம் விடிகாலைல ஜெய்ப்பூர் ஹைவேல என்னைப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனார். ரோடு காலி. தோள் வழியா எட்டிப் பாத்தா மீட்டர்ல 150. அவ்ளோதான், 299ல பாதி. அதுக்கே கண்ணுல தண்ணி.

டிவைடர்லேர்ந்து ஒரு நாய் குதிச்சுது.

150ல ஒரு செகண்டுக்கு 41 மீட்டர் ஓடும் வண்டி. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சிங்ஜி பிரேக் அடிச்ச வேகத்துல என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்ல போய் முட்டிச்சு. வண்டி விழலை. நாய் எங்களை ஒரு பார்வை பாத்துட்டு நிதானமா ரோட்டைத் தாண்டிப் போச்சு.

ஓரங்கட்டினார். ஸ்டாண்ட் போட மூணு தடவை முயற்சி பண்ணார், கால் நடுங்குது. அவருக்கு ஆறு வயசுல ஒரு பொண்ணு. எனக்கு ரெண்டு. தாபால டீ குடிச்சோம், ஒரு வார்த்தை பேசிக்கலை. திரும்பி வரும்போது 60ஐத் தாண்டலை. லாரிக்காரன்லாம் ஹாரன் அடிச்சுட்டு முந்திப் போனான்.

வீட்ல சொல்லாதீங்கன்னார். தங்கமணி என் பதிவையெல்லாம் படிக்கறதில்லைங்கற தைரியத்துலதான் இதையே எழுதறேன்.

அதுலேர்ந்து வண்டிக்கு உறை போட்டு மூடியே இருக்கு. போன ஞாயிறு மொட்டைமாடில அவரே ஆரம்பிச்சார், "நீங்க சொன்னதுதான் சரி பாயி சாப், சுசூகிதான் நல்ல வண்டி"ன்னு.

எத்தனையோ வருஷமா வாதாடி ஜெயிச்சிருக்கேன். சும்மா டீயைக் குடிச்சுட்டுக் கீழ இறங்கி வந்துட்டேன்.