செவ்வொளி

எங்கள் உம்மா அரை நூற்றாண்டுக் காலம் வெற்றிலையும் புகையிலையும் மென்றவர்கள். இடக் கன்னத்தின் உட்புறத்தில் எழுந்த புண்ணைப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியபோது எங்களில் எவரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அறுவை முடிந்தது. அதன்பின் 30 முறை கதிர்வீச்சு.

முதல் நாளே மருத்துவ அம்மையார் என்னை அழைத்து, ஒவ்வொரு முறையும் வாயின் உட்புறத்தில் சில நிமிடங்கள் மெல்லிய சிவப்பு லேசர் ஒளியைப் பாய்ச்சினால், பின்னர் வரும் வாய்ப்புண்ணின் கடுமை குறையும் என்றார். கதிரால் வரும் புண்ணுக்கு இன்னொரு கதிரா! விளக்குக் காட்டிப் பணம் பறிக்கும் வித்தை என எண்ணி, வேண்டாம் என்றேன். உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

மூன்றாம் வாரத்தில் வாய் முழுவதும் வெந்து வெளுத்தது. அது ரமலான் மாதம். நோயாளி நோன்பை விடலாம் என்று ஆலிம்சா எடுத்துரைத்ததில் உம்மாவின் மனம் ஓரளவு ஆறியிருந்தது. ஆனால் பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியில் ஒரு கரண்டியை வாயில் வைத்தவர்கள், விழுங்கவும் துப்பவும் இயலாமல் கண்ணீர் வடித்தார்கள்.

"போதும் வாப்பா. இனி அந்தக் கரண்டு வேண்டாம். ஊருக்குப் போயிடுவோம்."

கதிர்வீச்சை இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு மிகும். அன்றிரவுதான் அந்த ஒளியைப் பற்றிப் படித்தேன். 1967-இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர், லேசர் புற்றை விளைக்குமோ என்றறிய, எலிகளின் முதுகை மழித்து மெல்லிய லேசர் ஒளியைப் பாய்ச்சினார். புற்று வரவில்லை; மயிர்தான் விரைந்து வளர்ந்தது! அவ்வொளி சுடுவதில்லை, உயிரணுவினுள் ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுகிறது என்பர். புற்றுநோயாளர் துணைப் பராமரிப்புக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெறுவோருக்கு இதனைப் பரிந்துரைக்கிறது, வருமுன் தடுப்பதற்காக. அச்சொல் என்னைச் சுட்டது.

மறுநாள் சென்று கேட்டேன். அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. கறுப்புக் கண்ணாடி அணிந்து அமர்ந்திருந்த உம்மா, "சூடுமில்லை, வலியுமில்லை, இதுவும் ஒரு வைத்தியமா?" என்றார்கள். புண் மறைந்துவிடவில்லை. ஆயினும் ஆறிய கஞ்சி சிறிது சிறிதாக இறங்கிற்று. ஒளியாலா, உடன் தந்த மருந்தாலா, அறுதியிட்டுக் கூற நான் மருத்துவனல்லன். (ஒளியின் நிறமும் அளவும் கணக்கிட்டே தரப்படுகின்றன, வீட்டுச் சிவப்பு விளக்கால் இதைச் செய்ய முற்படலாகாது.)

அல்லாஹ்வின் அருளால் 30 முறையும் நிறைவுற்றன. முதல் நாளில் நான் மறுத்ததைப் பெருநாளன்று உம்மாவிடம் கூறினேன். சற்று நேரம் என்னையே பார்த்திருந்துவிட்டு, "என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே வாப்பா" என்றார்கள்.