தவளைத் தொட்டிக்குள் மைட்

மைட் என்றதும் நம்ம ஊரில் பலருக்கும் தேங்காயைச் சொறி பிடித்தது மாதிரி ஆக்கிவிடும் ஈரியோபைட்தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே பேசப்போவது அதன் தூரத்துச் சொந்தக்காரர்களைப் பற்றி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்ணாடித் தொட்டிக்குள் பாசி, செடி, சருகு என்று ஒரு குட்டிக் காட்டையே அமைத்து டார்ட் தவளை வளர்க்கிறார்கள். அவர்களுடைய தூக்கத்தைக் கெடுக்கிற ஜீவன் இது. ஒரு மணல் துகள் அளவுகூட இருக்காது, ஆனால் எட்டுக் கால். பூச்சியே இல்லை, சிலந்தி வகையறா.

வழக்கமாக நடப்பது இதுதான். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஏதோ நகர்கிறது. மைட்! பாம்பு வளர்ப்பவர்கள் ரத்தம் உறிஞ்சும் மைட்டுக்கு மருந்து அடிப்பது ஞாபகம் வருகிறது. உடனே அதே மருந்தைத் தேடி ஓடுகிறார்கள். வினையே அங்கேதான் ஆரம்பம். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால்தான் உறிஞ்சுகிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். தொட்டிக்குள் அடிக்கும் மருந்து நேராகத் தவளையின் உடம்புக்குள் போய்விடும். அந்த மைட் தவளையை ஒன்றும் செய்திருக்காது. மருந்து செய்துவிடும்.

முதலில் அது மைட்தானா என்று பார்க்க வேண்டும். லேசாக ஊதினால் துள்ளிக் குதிக்கிறதா? அப்படியென்றால் அது ஸ்பிரிங்டெயில். அதைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறவர்களே உண்டு :-) துள்ளாமல் ஊர்ந்தால் மைட். அதிலும் பெரும்பாலானவை சருகு, பூஞ்சை, செத்த ஈ, தவளை எச்சம் இவற்றைத் தின்று காலம் தள்ளுபவை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோஸ்டாரிகா, பனாமா காடுகளில் 2 செ.மீ. அளவில் ஸ்ட்ராபெர்ரி டார்ட் தவளை என்று ஒன்று இருக்கிறது. அதன் தோல் விஷம் அதுவே தயாரித்தது இல்லை, சாப்பாட்டிலிருந்து சேர்த்தது. அந்த இரண்டு நாடுகளில் சேகரித்த ஒரிபாட்டிட் வகை மைட்டுகளில் 80க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருப்பதாக 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதாவது, காட்டில் மைட்தான் தவளைக்குச் சாப்பாடு, ஆயுதக் கிடங்கும் அதுவே. தொட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளரும் தவளைக்கு அந்த விஷம் கிடையாது. கையில் நாலு மைட்டைப் பார்த்து அலறுகிறவர் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதற்காகக் கண்டுகொள்ளாமலும் விட முடியாது. கூட்டம் பெருகினால் தவளை மேலேயே ஏறி ஊர்ந்து அதை நிம்மதியாக இருக்க விடாது. பெருகுவதற்குக் காரணம் மிச்சச் சோறு. தின்ன முடியாத அளவுக்கு ஈயைக் கொட்டுகிறார்கள், ஈ செத்து அழுகுகிறது, மைட்டுக்குக் கல்யாண விருந்து. ஈயைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ராத்திரி ஒரு துண்டு வெள்ளரிக்காயை வைத்து, காலையில் அதில் மொய்த்ததோடு சேர்த்து எடுத்து எறிவது இன்னொரு வழி. பசுமைக் குடில்களுக்காக விற்கும், மைட்டைத் தின்னும் மைட்டையும் சிலர் விடுகிறார்கள். வேலை செய்யும்தான், ஆனால் அது ஸ்பிரிங்டெயிலையும் விட்டு வைக்காது.

நிஜமான தலைவலி தொட்டியில் இல்லை, பழ ஈ வளர்க்கும் டப்பாக்களில்தான். அங்கே மைட் புகுந்தால் ஈப்புழுவின் தீனியைத் தின்று தீர்த்துவிடும். ஈ குறையும், அடுத்த வாரம் தவளை பட்டினி. ஈயின் முதுகில் சவாரி செய்தே அடுத்த டப்பாவுக்கும் போய்விடும். ஒரு மாதம் ஆன டப்பாவை, இன்னும் கொஞ்சம் ஈ வருகிறதே என்று ஆசைப்படாமல் தூக்கிப் போட வேண்டும். புது டப்பாவுக்கு ஈ எடுப்பது பழையதிலிருந்து கூடாது, இருப்பதிலேயே இளசானதிலிருந்துதான். பி.காம் பாஷையில் சொன்னால் இங்கே ஃபிஃபோ வேலைக்கு ஆகாது, லிஃபோதான். எடுத்த ஈயைக் கால்சியம் பொடியில் உருட்டினால் ஒட்டியிருக்கும் மைட்டில் கொஞ்சம் உதிரும். டப்பாக்களை சோப்புத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே, கவிழ்த்த கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தும் போக முடியாது. எறும்புக்குப் பயந்து நம் வீடுகளில் சர்க்கரை டப்பாவை வைப்போமே, அதே மாதிரி.