உலை வைத்த கை

போர்க்களத்தில் பேய்கள் கூழ் அட்டதைக் கலிங்கத்துப்பரணி விரித்துப் பாடுகிறது. படைவீரனுக்குச் சோறாக்கியவனைப் பாடுவார் இல்லை. வாளேந்தியவனுக்கு வாகை, அகப்பை ஏந்தியவனுக்கு?

அப்படி ஒருவரை நாம் அறிவோம். நம் ஊர்ச் சேரியில் பிறந்தவர். 1944-இல் இம்பால் முனையில், சென்னைச் சாப்பர்ஸ் படையில் சமையல்காரர். நாம் சிறுவராயிருந்த நாளில் திண்ணையோரம் நின்று தம் கதையைச் சொல்வார்.

அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் ஜப்பானியர் இம்பாலுக்கு வரும் சாலையைத் துண்டித்தனர். ஜூன் 22-இல்தான் அது திறந்தது. இடையில் அரிசியும் பருப்பும் விமானத்தில் வந்தன, பங்கீடு குறைந்தது. உண்ணும் வாய்களைக் குறைக்கப் போரிடாதோர் 43,000 பேரை விமானமேற்றி வெளியே அனுப்பினர். அவரை அனுப்பவில்லை. உலையின்றிப் படை ஏது?

பகலில் புகை எழுந்தால் பீரங்கிக்குக் குறி. ஆகவே இரவு மூன்று மணிக்கே அடுப்பு மூட்டுவார், விடியுமுன் அணைப்பார். மழையில் நனைந்த மூங்கிலை ஊதி ஊதிக் கண் சிவக்கும். டேக்சாவில் வெந்த சோற்றைத் தகரப் பெட்டிகளில் நிரப்பி, சேற்றில் சறுக்கியபடி பதுங்குகுழிகளுக்குச் சுமப்பார். குழிக்குள் பல சாதியார். “யார் ஆக்கியது?” என்று எவரும் கேட்டதில்லையாம். “எவ்வளவு இருக்கிறது?” என்றே கேட்டனராம்!

போர் முடிந்தது. அவர் ஊர் திரும்பினார். அவர் கையால் உண்ட மேலத்தெருக்காரர் ஒருவரும் திரும்பினார். பின்னவர் வீட்டுத் திருமணத்தில், பந்தி முடியும்வரை முன்னவர் வேலிக்கு வெளியே நின்றார். பிறரை ஏன் சொல்ல வேண்டும்? கதை சொல்லி வறண்ட தொண்டைக்கு அவர் கை குவித்து நிற்க, உயரத் தூக்கித் தண்ணீர் வார்த்தவர் நாம்தான்.

ஒருநாள் கேட்டோம்: “அங்கே உண்டவர் இங்கே ஏன் உண்பதில்லை?”

“அங்கே பசி இருந்ததுங்க, சின்னய்யா.”

பாட்டன் வயதினர், பாலகனை ‘சின்னய்யா’ என்றார். பதிலும் சுட்டது, அந்தச் சொல்லும் சுட்டது.

சிந்தியுங்கள், தோழர்களே! சாதி பிறவிக்குணமாயின் பட்டினி அதை எப்படிப் போக்கும்? மூன்று மாதம் மறக்க முடிந்ததெனில் அது தோலன்று, சட்டை. அச்சம் கழற்றியது, அமைதி மீண்டும் மாட்டியது. உயிரச்சத்தால் செய்ததை அறிவால் செய்ய இயலாதா?

இன்று அவர் இல்லை. ஆனால் 2018-இல், திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சத்துணவு சமைக்கலாகாது என்று சிலர் தடுத்தனர். அவருடையதும் உலை வைத்த கைதான். அக்கைச் சோற்றை உண்ண, இன்னொரு முற்றுகை வரும்வரை காத்திருப்போமா?