வேளாங்கண்ணியில் ஒரு நத்தார்

பெப்ரவரியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கையும் காலும் கோடைக்குள் ஓரளவு தேறிவிட்டன. பேச்சுத்தான் வர மறுத்தது. வந்தபோது தமிழ் மட்டும் வந்தது. முப்பத்தைந்து வருடம் யூலண்டில் இருந்து, மீன் தொழிற்சாலையிலும் பிறகு முதியோர் இல்லத்திலும் வேலை செய்து, பேரப்பிள்ளைகளோடு முழுக்க முழுக்கப் பேசிய டேனிஷ் எங்கே போனதென்று தெரியவில்லை. "டாக்" என்று நன்றி சொல்லும் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. இப்படிச் சிலருக்கு நடப்பதுண்டு என்று பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள்.

என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. உங்களில் பலரைப் போலத்தான் நானும். "பிறகு படிப்பிக்கலாம்" என்று ஒத்திப்போட்டேன். சனிக்கிழமை தமிழ் வகுப்பும் மூத்தவளின் ஹேண்ட்போலும் ஒரே நேரத்தில் வந்தன. ஹேண்ட்போல் வென்றது. இப்போது அம்மம்மாவும் பேத்தியும் ஒரே சோஃபாவில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

மே மாதத்தில் அம்மா முதல் முழு வசனம் சொன்னா. "வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளியில ஒரு நாக்கு." பேச்சில்லாமல் கிடந்த நாட்களில் மனதுக்குள் வைத்த நேத்தியாம். கொஞ்ச நேரம் கழித்து, "நான் போகேலாது. நீ போய்க் குடுத்திட்டு வா பிள்ளை" என்றா.

எனக்கு இது ஆச்சரியம். ஏனென்றால் 2004 டிசம்பர் 26 அன்று முல்லைத்தீவில் அம்மாவின் தம்பியையும் அவர் குடும்பத்தையும் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அம்மா கோயில் பக்கம் போகவில்லை. ஏன் போகவில்லை என்றும் சொல்லவில்லை, ஏன் திரும்பப் போகத் தொடங்கினா என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாதான் இப்போது மாதாவுக்கு வெள்ளி நாக்குக் கேட்கிறா.

அந்த ஆவணியிலிருந்து மூத்தவளுக்குத் தமிழ் தொடங்கியது. வகுப்பெல்லாம் இல்லை. பின்னேரம் அம்மம்மா வீட்டில் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். டிசம்பரில் டென்மார்க் வீடுகளில் 1 முதல் 24 வரை இலக்கம் போட்ட ஒரு மெழுகுதிரி இருக்குமே, ஒவ்வொரு நாளும் ஒரு இலக்கம் எரியவிடுகிறது, அதை வைத்தே எண் படித்தார்கள். அம்மம்மா "பதினேழு" என்பா, பேத்தி "பதினேளு" என்பாள். "ழ, ழ" என்று அம்மா வாயைக் காட்டித் திருத்துவா. யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தது என்று எனக்கு விளங்கவில்லை.

தம்பி குடும்பம் அம்மாவோடு நிற்க ஒத்துக்கொண்டது. நாங்கள் நால்வரும் சென்னை போய் இறங்கினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையால் தெற்கே இறங்கும்போது தரங்கம்பாடி வருகிறது. அங்கே நிற்க வேண்டும் என்று சொன்னது மூத்தவள்தான். டேனிஷ்காரருக்கு அந்த ஊர் "ட்ரங்கேபார்".

1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து டேனிஷ்காரர் இங்கே கால் வைத்தார்கள். நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியானுக்குத் தங்க ஓலையில் எழுதிய தமிழ்க் கடிதம் இன்றைக்கும் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. எங்கள் அம்மா அப்பா அகதியாக வந்து இறங்குவதற்கு முந்நூற்று அறுபது வருடத்துக்கு மேல் முன்பே டென்மார்க்குக்குத் தமிழ் போய்ச் சேர்ந்துவிட்டது! இதை யாராவது எனக்குப் பத்து வயதில் சொல்லியிருக்கலாம்.

கோட்டை, டான்ஸ்பொர்க், கடலைப் பார்த்தபடி மஞ்சளாக நிற்கிறது. 1845இல் ஊரையே ஆங்கிலேயக் கம்பனிக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டைக்கு வடக்கே மாசிலாமணி நாதர் கோயிலில் ஒரு பாகத்தைக் கடல் ஏற்கெனவே தின்றுவிட்டது. என் கணவர் சைவம். அவர் அங்கே கும்பிட்டுவிட்டு வந்தார், நாங்கள் அலையில் கால் நனைத்தோம்.

ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயம். 1718இல் கட்டி முடித்தது. முகப்பில் டென்மார்க் அரசரின் முடியும் எழுத்தும். இதைக் கட்டிய சீகன்பால்கு ஜெர்மன்காரர், அரசர் அனுப்பி 1706 ஜூலையில் வந்தவர். அப்போது அவருக்கு 24 வயது முடிய ஒரே நாள்தான் இருந்தது. தமிழ் படிக்க ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோடு தரையில் இருந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 36 வயதில் இறந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார்.

இடையில் அவரை நான்கு மாதம் சிறையில் போட்டது இங்கிருந்த டேனிஷ் ஆளுநர்தான் என்று சொன்னதும் மூத்தவளுக்குக் கோபம். "எங்கட ஆக்களா?" என்று கேட்டாள். எந்த 'எங்கட' என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்காது.

காரைக்கால், நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணி. மார்கழி மழை விட்டு விட்டுத் தூறியது. பேராலயம் முழுக்க நட்சத்திர விளக்கு, முற்றத்தில் பெரிய குடில். மொட்டை அடித்துச் சந்தனம் பூசியவர்கள், பர்தா போட்ட பெண்கள், கழுத்தில் உருத்திராட்சம் போட்ட ஒரு பெரியவர், எல்லோரும் ஒரே வரிசையில். காணிக்கைகள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் தொட்டில், வீடு, படகு எல்லாம் வெள்ளியிலும் தங்கத்திலும், கூடவே கடிதங்கள். பிள்ளை பிறந்தது, வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது. இவ்வளவு நன்றியை ஒரே அறையில் நான் பார்த்ததில்லை. கடிதம் எழுதாமல் வீட்டுக்குத் திரும்பியவர்களும் இருப்பார்களே என்றும் மனம் ஒரு பக்கம் சொன்னது.

வெள்ளித் தகடு விற்கும் கடையில் கண், கை, கால், இதயம் எல்லாம் தொங்கின. நாக்கு இல்லை. ஐந்தாறு கடை ஏறி இறங்கினோம். கடைசிக் கடைக்காரம்மா சிரித்துவிட்டார். "நாக்கு தனியா வர்றதில்லம்மா. முகம் எடுத்துக்குங்க, அதுல வாய் இருக்குல்ல?"

நேத்தியில் இப்படி மாற்றலாமா? எனக்குப் பயம். அம்மாவையே கேட்போம் என்று அலைபேசியை எடுத்தேன். இங்கே இரவு பத்தரை, அங்கே பின்னேரம் ஆறு மணி.  மூத்தவள் என் கையிலிருந்து பறித்தாள்.

"அம்மம்மா, நாக்கு இல்லை. முகம் இருக்கு. வாங்கவோ?"

அந்தப் பக்கம் அமைதி. பிறகு அம்மா சிரிக்கிற சத்தம். "வாங்கு, வாங்கு. முகம் வடிவா இருக்கோ?"

"வடிவில்லை. ஆனா வாய் பெரிசு."

பத்து மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட மிக நீண்ட உரையாடல் அது. கடைக்காரம்மாவுக்கு ஏன் நான் அழுகிறேன் என்று விளங்கியிருக்காது. முகத்தை மாதாவிடம் ஒப்படைத்துவிட்டு நள்ளிரவுப் பூசைக்குப் போனோம். சின்னவன் என் மடியில் நித்திரை.

26ஆம் திகதி காலை கடற்கரைப் பக்கம் போனோம். நினைவுத் தூணடியில் பூவும் மெழுகுதிரியும். 2004இல் நத்தார் கொண்டாட வந்து மறுநாள் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நிறையப் பேர் இங்கே போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்பதைப் பக்கத்தில் நின்ற ஒருவர் எங்களுக்குப் பெருமையாகச் சொன்னார். நான் அதை டேனிஷில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"அப்ப மாதா கோயிலைக் காப்பாத்தினா, ஆக்களை ஏன் காப்பாத்தேல்லை?" மூத்தவள் தமிழில்தான் கேட்டாள். கணவர் நிலத்தட்டு, கடலடி நிலநடுக்கம் என்று ஏதோ தொடங்கினார். அவள் அதைக் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் பதில் இல்லை. அம்மாவின் தம்பியின் சின்ன மகளுக்கு அப்போது இவளுடைய வயது.

அன்று பின்னேரம் அம்மாவோடு பேசும்போது அதையே அம்மம்மாவிடமும் கேட்டுவிட்டாள். தடுக்க நேரமில்லை. திரையில் அம்மாவின் முகம் அப்படியே நின்றது. சொல்லைத் தேடுகிறாவா, பதிலைத் தேடுகிறாவா என்று எனக்குத் தெரியவில்லை. நெடுநேரம்.

"தெரியாது பிள்ளை," என்றா. பிறகு, "நானும் கேட்டனான்."

"மாதா என்ன சொன்னவ?"

"இன்னும் சொல்லேல்லை." அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தா. "அங்க மழையோ? சின்னவனுக்குத் தொப்பி போட்டு விடு."