பின்பனி காணாத தோட்டம்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பள்ளியில் ஒப்புவிக்காத தமிழ் மாணவர் அரியர். ஆயினும், தஞ்சை மாவட்டத்தில் வளர்ந்த எனக்குப் பனிக்காலம் இரண்டும் தேர்வுக்குரிய சொற்களாகவே இருந்தன. மார்கழி விடியலில் காதைச் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு போதும். தை பிறந்துவிட்டால் அதுவும் வேண்டா. அச்சொற்களின் முழுப் பொருளையும் எனக்குக் கற்பித்தவை தில்லி மாநகரும், இங்கு என் வீட்டின் பின்புறமுள்ள சிறு நிலமுமே.

அந்நிலத்தில் இரண்டு ஊர்கள் குடியிருக்கின்றன எனலாம். ஒருபுறம், ஊரிலிருந்து ரயிலேறி வந்த கறிவேப்பிலையும் மல்லிகையும், அவற்றோடு முருங்கையும் துளசியும். மறுபுறம் காலிபிளவர், பட்டாணி, பாலக்கீரை, கொத்துமல்லி. குளிர் இறங்கியதும் முதல் ஊர் ஒடுங்கிவிடும். கறிவேப்பிலை மஞ்சளித்து உதிரும், மல்லிகை உறங்கும், துளசிக்கு என் மனைவி பழஞ்சேலையால் கூடாரம் கட்டுவாள். இரண்டாம் ஊருக்கோ அக்குளிரே வாழ்வு. தாளிக்கக் கறிவேப்பிலை இல்லாத தை மாதத்தில்தான் பட்டாணி கொடிகொள்ளாமல் காய்க்கும்.

1901ஆம் ஆண்டு முதல் உள்ள கணக்கின்படி, இந்தியா கண்ட மிக வெப்பமான ஆண்டு 2024. அதைத் தொடர்ந்து வந்த குளிர்காலமும் பெயரளவில்தான் குளிர்காலம். இங்குள்ள உழவர் ‘மஹாவட்’ என்று வரவேற்கும் தை மாத மழை நாட்டின் பெரும்பகுதியில் பொய்த்தது. 2025 பிப்ரவரியோ, அதே கணக்கில் மிக வெப்பமான பிப்ரவரியாயிற்று.

அவ்வாண்டு என் கறிவேப்பிலை இலையுதிர்க்கவில்லை. முருங்கை மாசியிலேயே பூத்தது. சங்கத்து நண்பர்கள் வந்து கைநிறையப் பறித்துச் சென்றனர். “நம்மூரே இங்கு வந்துவிட்டது, சார்!” என்று மகிழ்ந்தார் ஒருவர். ஆனால் வேலியின் மறுபுறத்தில் காலிபிளவர் இறுகித் திரளாமல் சோற்றுப்பருக்கை போல் விரிந்தது. பாலக்கீரையும் கொத்துமல்லியும் இலை விடவேண்டிய நாளில் தண்டோடிப் பூத்தன. பட்டாணிப் பூக்கள் காயாகாமலே வாடின.

தோட்ட வேலைக்கு வரும் முதியவர் அலிகர் பக்கத்துச் சிற்றூரினர். கறிவேப்பிலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “இந்த வெயில் உங்கள் செடிக்கு நல்லது, பாபுஜி. எங்கள் கோதுமைக்கு ஆகாது” என்றார். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். கோதுமை மணி பால்பிடித்து முற்றும் நாட்களில் இதமான குளிர் நீடிக்க வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் பயிர் அவசரமாகப் பழுத்து, மணி சுருங்கிவிடும். 2022 மார்ச்சில் அடித்த வெயிலில் வடநாட்டு விளைச்சல் குறைந்ததையும், அவ்வாண்டு மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்கு அரசு தடை விதித்ததையும் நாம் அறிவோம். எனக்குப் போனது ஒருவேளைக் கூட்டு. அவருக்கு அது ஓர் ஆண்டின் உணவு.

இவ்வூருக்கு வந்த நாள்முதல் குளிரைப் பழித்தே பழகியவர் நாம். ரஜாயைப் போர்த்திக்கொண்டே கும்பகோணத்து வெயிலைப் பாடுவோம். நாம் ஏங்கிய அந்த இதம் வந்தபோதோ, நமக்குச் சோறிடும் மண்ணுக்கு அது பகையாயிற்று. இங்கே பிறந்த நம் மக்களுக்குப் பனிமூட்டத்தில் பள்ளிப் பேருந்துக்கு நின்றதும், வெயிலில் அமர்ந்து பட்டாணி உரித்ததுமே இளமை நினைவுகள். குளிர் அவர்களுக்குச் சொந்த ஊரின் பருவம். நாற்பதாண்டு வாழ்ந்தபின் நமக்கும் அது அயலன்று.

கறிவேப்பிலை சில மாதம் மொட்டையாய் நிற்கட்டும். பங்குனியில் தானே துளிர்க்கும், அதற்கு அவ்வலிமை உண்டு. ஐப்பசியில் மீண்டும் காலிபிளவர் நாற்று நடுகிறோம். துளசிக்குரிய பழஞ்சேலையும் மடித்து வைத்தபடியே இருக்கிறது. அதற்கு வேலை வரவேண்டும் என்பதே இப்போது எங்கள் விருப்பம்.