குளத்து நீரின் சூடு

பீடோரிலிருந்து தெலுக் இந்தான் வழியாக மஞ்சோங் கடலோரப் பண்ணைக்குப் போகையில் மழை பிடித்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அப்பா எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர். மழை நாளில் அவருக்குப் போனது ஒருநாள் கூலி. இறால் குளத்தில் மொத்த அறுவடையே போகலாம். விடிய விடியப் பெய்தால் குளத்து நீர் 26 டிகிரி வரை இறங்கும். வெண்புள்ளி வைரஸ் இறாலுக்குள் வேகமாகப் பெருகத் தோதான சூடு அது.

1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தலைகாட்டிய வைரஸ், சில ஆண்டுகளிலேயே மலேசியா, தமிழ்நாடு, ஆந்திரக் குளங்களுக்குள் புகுந்தது. இறால் தீனியை விடும், கரையோரம் ஒதுங்கும். பத்து நாளுக்குள் குளம் காலியாகிவிடலாம்.

“நம்ம ஊர்த் தண்ணி சூடுதானே அண்ணே, வைரஸ் செத்துடாதா?” என்று புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் கேட்பார்கள். சாகாது. நீரில் தனியாக மிதக்கும் வைரஸ் குளிரில் நீடிக்கும், சூட்டில் சீக்கிரம் அழியும் என்பது உண்மைதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் 30 டிகிரி கடல்நீரிலும் அது 30 நாள் வீரியத்தோடு இருந்திருக்கிறது. 60 டிகிரியில் ஒரே நிமிடத்தில் செயலிழக்கும்; எந்தக் குளமும் அந்தச் சூட்டைத் தொடாது. திறந்த குளத்தில் அதன் ஆயுளைக் குறைப்பதில் வெயிலுக்கும் நீரிலுள்ள பாக்டீரியாவுக்கும் பெரிய பங்கு உண்டு.

இறாலுக்குள் புகுந்தபின் கணக்கே வேறு. நீர் 33 டிகிரியில் நின்றால் வைரஸ் பெருக முடியாமல் அடங்குகிறது, நோய் தொற்றிய இறாலும் பிழைக்கிறது. இதை நம்பிச் சூட்டை வரவேற்கவும் முடியாது. சூடேறிய நீரில் பிராணவாயு குறையும். அதைவிட முக்கியம், வைரஸ் இறாலை விட்டுப் போகவில்லை. நீர் ஆறியதும் மறுபடி கொல்லத் தொடங்கும். வெயில் காலத்தில் நன்றாக மேய்ந்த குளம் ஒரே மழையில் சரிவது பெரும்பாலும் இதனால்தான் என்பது என் எண்ணம்.

அதனால் மழை இரவில் தீனியைக் குறைப்பேன். மேலே தங்கும் மழைநீரை வடித்துவிட்டு, துடுப்புச் சக்கரங்களை ஓடவிடுவேன். வாய்க்கால் நீரை உள்ளே விடமாட்டேன்; வைரஸைச் சுமந்துவரும் நண்டு ஏறாமல் வலை கட்டியிருக்கும். அறுவடை முடிந்த குளத்துச் சேற்றைக் காயவிடுவதில் அவசரமே கூடாது. வெயிலில் காய்ந்த சேற்றிலும் வைரஸ் 19 நாள் வரை தொற்றும் திறனோடு இருந்ததைச் சென்னை உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நீர் தேங்கிய சேற்றில் 35 நாள். பள்ளத்தில் தேங்கிய நீரை இறைத்து, மூன்று வாரம் தாண்டிய பிறகே அடுத்த குஞ்சுகளுக்குச் சொல்லி அனுப்புவேன்.