பின்பாட்டு

சிறுசேரி சிப்காட் சாலையில் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். கம்பெனி பஸ்கள் கிடையாது. டீக்கடையில் அடையாள அட்டை தொங்கும் கழுத்துகளும் கிடையாது. நான் போனது அருகிலுள்ள ஓர் அடுக்ககத்தின் பொதுக்கூடத்துக்கு. அங்கே இரண்டு நாள் ராதா கல்யாணம். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு பாகவதரும் அவரோடு நான்கு பேரும் வந்திருந்தார்கள்.

பாய் விரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் பேச்சுக் கொடுத்த பாகவதர், அப்படியே ஒரு நாமாவளியைப் பாடச் சொன்னார். கேட்டுவிட்டு ஆர்மோனியக்காரரிடம், "மூணு கட்டை வெச்சுக்கோ" என்றார். அவருடைய சுருதி ஒன்றரை. அதில் பாடினால் பெண்கள் அடியில் இறங்க வேண்டும், குரல் எழும்பாது. மூன்றில் அவருக்குத்தான் கழுத்து நரம்பு புடைக்கும். "கச்சேரின்னா என் சௌகரியம். பஜனைன்னா பின்பாட்டுக்காரா சௌகரியம்" என்றார்.

தோடய மங்களம், குரு தியானம், பிறகு ஜெயதேவரின் 24 அஷ்டபதிகள் என்று வரிசை மாறாமல் போனது. இந்த வரிசைக்குப் பத்ததி என்று பெயர். நாமத்தைச் சொல்லுவதே போதும் என்று போதித்தவர் கோவிந்தபுரத்தில் அடங்கிய போதேந்திரர். அவரும் திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளும் இட்ட அடித்தளத்தின் மேல், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் (1777–1817) பாட்டுகளைக் கோத்துப் பத்ததி ஆக்கினார். புதுக்கோட்டை கோபாலகிருஷ்ண பாகவதர் அதைச் செப்பனிட்டுப் பரப்பினார். முதல் மூன்று பேருடைய ஊர்களும் கும்பகோணத்தைச் சுற்றித்தான்.

பத்ததிக்குள் மொழிகள் பல. பத்ராசலம் ராமதாசர் தெலுங்கு, புரந்தரதாசர் கன்னடம், துக்காராம் மராத்தி, கோபாலகிருஷ்ண பாரதி தமிழ். பாடுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பொருள் தெரியாது. ஆனால் எல்லோர் மடியிலும் நோட்டு. எல்லா மொழியும் தமிழ் எழுத்தில், கை மாறிக் கை மாறி எழுதியது. எனக்குப் பக்கத்து மாமியின் நோட்டில் தாள்கள் பழுத்து, மூலைகளில் மஞ்சள் கறை.

கொச்சி யூதப் பெண்களும் இப்படி நோட்டு வைத்திருந்தார்கள். ஜெபாலயத்தில் எபிரேயத்தில் வழிபாடு. கல்யாணங்களிலும் பண்டிகைகளிலும் பெண்கள் கூடிப் பாடியதோ மலையாளத்தில். 1950களில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குப் போனபோது நோட்டுகளும் கூடப் போயின. பிற்பாடு பார்பரா ஜான்சன், ஸ்கரியா சக்கரியா போன்ற ஆய்வாளர்கள் தேடிப் போனபோது, அந்தப் பாட்டுகள் நோட்டுகளிலும் வயதான பெண்களின் நினைவிலும் இருந்தன. கூட்டு வழிபாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்கள் வேண்டும் என்பது யூத மரபு. தனிக்குரல் எவ்வளவு இனித்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

இரவு திவ்யநாமம். நடுவில் குத்துவிளக்கு, சுற்றி வந்து ஆடிப்பாட வேண்டும். பத்து மணிக்குக் காவலாளி வந்து ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். அதுவரை சுவரோரம் கைகட்டி நின்ற இரண்டு இளைஞர்கள், தங்கள் குரல் தங்களுக்கே கேட்டதாலோ என்னவோ, வாய் திறந்தார்கள். பாகவதர் சிரித்தார். "மைக் இருந்தா ஜனங்க கேப்பா. இல்லேன்னாத்தான் பாடுவா."

இடைவேளையில் மிருதங்கக்காரரிடம் பேசினேன். வாரநாளில் கூட்டுறவு வங்கியில் வேலை. ஆர்மோனியக்காரர் மாலைகளில் இணையத்தில் பாட்டு வகுப்பு எடுக்கிறார். "முன்னாடி திதி பாத்துக் கூப்பிடுவா. இப்போ லீவு பாத்துக் கூப்பிடறா. ஒரே சனி, ஞாயிறுக்கு நாலு ஊர் கேக்கும், மத்த நாள் போன் அடிக்காது" என்றார்.

ஞாயிறு காலை உஞ்சவிருத்தி. தலைப்பாகையும் செம்புமாகப் பாகவதர் ஒவ்வொரு பிளாக்காகப் போனார். லிஃப்டில் ஆறு பேர்தான் ஏறலாம். மற்றவர்கள் படியில் ஜால்ராவோடு ஏறினார்கள். பொன்னி, பாஸ்மதி, இட்லி அரிசி எல்லாம் ஒரே செம்பில் விழுந்தன. "சாதமா வடிச்சா ஒண்ணு வேகும், ஒண்ணு குழையும். பொங்கலாப் பண்ணிடறேன்" என்றார் சமையல்காரர்.

கோவளம் தாண்டித் திருவிடந்தையில் பெருமாளுக்கு நித்தியமும் கல்யாணம். இங்கே வருஷத்துக்கு ஒரு தரம். அதனால் கல்யாணச் சடங்கான முத்துக்குத்தலுக்கு உலக்கை பிடிக்கப் பெண்களிடையே போட்டி. பிறகு ஊஞ்சல். மூன்று மணிக்குள் கேளம்பாக்கம் வழியாகக் கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிக்க வேண்டும் என்று மிருதங்கக்காரர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பாகவதர் வேகமாகவே எடுத்தார். என் பக்கத்து மாமி மட்டும் ஒரு வரியில் வேறெங்கோ போனார். பாட்டு நின்றது.

"மாமி, நீங்க எப்படிப் பாடறேள்?"

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "தப்பாப் பாடிட்டேனா?"

"தப்பில்லே. எங்க பத்ததியிலே இந்த மெட்டு இல்லே."

"கல்லிடைக்குறிச்சியிலே எங்க பாட்டி இப்படித்தான் சொல்லிக்குடுத்தா."

பாகவதர் செல்போனை எடுத்துப் பதிவைப் போட்டு மாமியின் நோட்டு மேல் வைத்தார். "இன்னொரு தரம். முதல்லேர்ந்து."

மாமி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ஆர்மோனியக்காரர் சுருதியை ஒரு கட்டை இறக்கினார். பாகவதர் இரண்டாவது வரிசையில், பெண்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, பின்பாட்டுப் பாடினார்.